நிலவில் இறங்க இயந்திரம்! மலக்குழியில் இறங்க மனிதனா?

இயந்திரம் எண்ணுகிறது என்கிறார்கள். இயந்திரம் எழுதுகிறது என்கிறார்கள். ஓட்டுநர் இல்லாமலே ஊர்தி ஓடுகிறது, ஏவுவார் இல்லாமலே கருவி இயங்குகிறது என்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் ஒலிக்காத பொறியியல் கல்லூரி இல்லை. ரோபோ என்ற பேச்சு எழாத ஆய்வுக்கூடம் இல்லை. மகிழ்கிறோம். அறிவு வளர்வது கண்டு அகம் மகிழாதவன் பகுத்தறிவாளன் ஆகான். ஆனால், மகிழும் அதே வாயால் ஒன்று கேட்கிறோம் – இந்த அறிவு எந்தத் தெரு வரை வந்திருக்கிறது? எந்தத் தெருமுனைக்கு வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறது?

2023 ஆகஸ்ட் 23. நிலவின் தென்முனைப் பகுதியில் சந்திரயான்-3 இறங்கிற்று. இறங்கிய அந்தக் கடைசி நிமிடங்களில் மண்ணிலிருந்து எந்த மனிதக் கையும் அதை ஓட்டவில்லை. தானே தரையைப் பார்த்து, பாறை எது, பள்ளம் எது என்று தானே கணித்து, தானே இறங்கிற்று. தானியங்கி அறிவின் தலைசிறந்த வெற்றி! அத்திட்டத்தை இயக்கிய வீரமுத்துவேல் யார்? நம் புதுவைக்கு அண்டையிலுள்ள விழுப்புரத்தில் பிறந்த பிள்ளை. ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன். ‘படிப்பு உனக்கு எதற்கு?’ என்று நேற்றுவரை கேட்ட பழமைக்கு, நிலவிலிருந்து கிடைத்த பதில் அது.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூன் 11. கதிர்காமத்தைப் போலவே உழவர்கரை நகராட்சிக்குள் அடங்கிய ரெட்டியார்பாளையம் புதுநகர். தம் வீட்டுக் கழிவறைக்குள் சென்றவர்களைப் பாதாளச் சாக்கடையிலிருந்து ஏறிவந்த நச்சுவாயு தாக்கிற்று. மூன்று உயிர்கள் போயின. மூவரும் பெண்கள், ஒருத்தி பள்ளிச் சிறுமி. குழாய் வழியே வீட்டுக்குள் ஏறிவந்த வாயுவே இத்தனை கொடியதென்றால், அந்த வாயு உறைந்து கிடக்கும் குழிக்குள் இறங்குகிறவன் கதி என்ன? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

சாக்கடையில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு அழுகிய முட்டை போல நாறும். அதன் கொடுமை நாற்றத்தில் இல்லை. நாற்றம் நின்றுபோவதில் இருக்கிறது! அளவு மிகுந்ததும் மோப்ப உணர்வையே அது மரக்கச் செய்துவிடும். நாற்றமில்லையே என்று நம்பி இறங்குகிறவன் இரண்டொரு மூச்சில் சாய்கிறான். அவனைத் தூக்க இறங்குகிற தோழனும் சாய்கிறான். காற்றைவிடக் கனமான வாயு. அடியில் தங்கிக் காத்திருக்கும். நுரையீரல் உள்ள எவரும் இறங்கத் தகாத இடம் அது. நுரையீரல் இல்லாத ஒன்று இறங்கலாம் – அதற்குப் பெயர்தான் இயந்திரம்!

ஆனால் இறங்கியது யார்? 2019 முதல் 2023 வரை, ஐந்தே ஆண்டுகளில், சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறங்கி மாண்டவர் 377 பேர் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. இப்பணியில் இருப்போரை எண்ணத் தொடங்கி, 2024 வரை பதிவு செய்த ஏறத்தாழ 38,000 பேரில் நூற்றுக்கு 92 பேர் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதியினர் மட்டுமே நூற்றுக்கு 69 பேர். இது தொழிற் கணக்கா? அல்ல, வருணக் கணக்கு! மனு எழுதிய ஏட்டை மாநகராட்சி ஒப்பந்தக்காரர் படித்திருக்க மாட்டார். ஆனால் அதன்படியே ஆள் எடுக்கிறார்.

சட்டம் இல்லையா? உண்டு. 1993இல் ஒன்று, 2013இல் மற்றொன்று. தீர்ப்பு இல்லையா? உண்டு. சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தருக என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்திற்று. அறிவிப்பு இல்லையா? அதுவும் உண்டு. ‘ஆள்நுழைவுக் குழி’ இனி ‘இயந்திர நுழைவுக் குழி’ ஆகும் என்று 2023 வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் அறிவித்தார். குழியின் பெயரை மாற்ற ஒரு நாள் போதும். குழிக்குள் இறங்குகிறவனின் விதியை மாற்ற எத்தனை ஆண்டு?

இயந்திரம் இல்லையே என்பார் உண்டு. பொய்! கேரளத்துக் குற்றிப்புறத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள், 2015இல் கோழிக்கோட்டில் சாக்கடையில் மூவர் மாண்டது கண்டு மனம் பொறாமல், ஓர் இயந்திரம் சமைத்தார்கள். 2018இல் திருவனந்தபுரத்தில் அது குழியில் இறங்கிற்று. காமிராக் கண் உண்டு; நச்சுவாயுவை உணரும் கருவி உண்டு; கசடு அள்ளும் கை உண்டு. மேலே நிற்கும் தொழிலாளி திரையைப் பார்த்து அதை இயக்குகிறார். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பேண்டிகூட்’ – நம் தமிழில் பெருச்சாளி! பிள்ளையாரைச் சுமக்கிறது என்று கதை சொன்ன பெருச்சாளி ஒரு துப்புரவுத் தொழிலாளியைக் காத்ததில்லை. மனிதன் செய்த பெருச்சாளி காக்கிறது.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் ‘ஹோமோசெப்’ என்ற கருவியைச் செய்தனர். ஒரு மாணவரின் இறுதியாண்டுத் திட்டமாகத் தொடங்கியது அது. மடக்கிய குடை போலத் தொட்டிக்குள் இறங்கி, உள்ளே போனதும் விரிந்து சுழன்று, இறுகிய கசட்டைக் கலக்கும். பிறகு உறிஞ்சி எடுக்கலாம். 2022இல் அது யார் கைக்குப் போனது தெரியுமா? மலக்குழியில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் தலைமை தாங்கும் சுயஉதவிக் குழுக்களுக்கு! கணவனை விழுங்கிய குழியை மனைவி மேலே நின்று, இயந்திரம் கொண்டு வென்றாள். இதுவன்றோ ஆராய்ச்சி! இதுவன்றோ பல்கலைக்கழகம்!

ரோபோ என்ற சொல்லின் பிறப்பை அறிவீர்களா? 1920இல் செக் நாட்டு எழுத்தாளர் கரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் பிறந்தது அது. ‘ரோபோட்டா’ என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் அதற்குச் சொல் உண்டு – ‘வெட்டி’! ஐரோப்பியன் வெட்டி வேலையை மனிதன் தோளிலிருந்து இறக்கி இயந்திரத்தின் தோளில் ஏற்றக் கனவு கண்டான். நாமோ இயந்திரத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பார்வையாளருக்கு வணக்கம் சொல்லப் பழக்கிவிட்டு, வெட்டி வேலையை மனிதனிடமே விட்டுவைத்திருக்கிறோம்!

2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்துக் கோயில் ஒன்றுக்கு இயந்திர யானை வந்தது. எடை 800 கிலோ. காதசைக்கும், துதிக்கை ஆட்டும். சங்கிலியில் வாடும் யானைக்கு விடுதலை என்றார்கள். நாமும் கைதட்டுகிறோம், வாயில்லா உயிர் வதைபடக் கூடாது. ஆனால் கோயில் யானைக்குப் பதில் சொல்லிவிட்ட இயந்திரம், வாயுள்ள மனிதனுக்கு ஊர்தோறும் இன்னும் ஏன் பதில் சொல்லவில்லை?

விலை அதிகம் என்கிறார்கள். எதைவிட அதிகம்? மனித உயிரைவிடவா? ஆம், அதுதான் மெய்! ஒரு வகுப்பாரின் உயிர் மலிவாகக் கிடைக்கும் வரை எந்த இயந்திரமும் விலை அதிகமாகத்தான் தெரியும். தடையாக நிற்பது தொழில்நுட்பக் குறைவு அல்ல. சாதி தரும் மலிவு! சந்து குறுகல், குழாய் பழசு, மணலும் துணியும் அடைக்கின்றன என்கிறார்கள். நல்லது! அதற்குத்தானே ஆராய்ச்சி? செயற்கை நுண்ணறிவு காட்டியதைக் கற்கும். அயல்நாட்டுச் சிமெண்டுக் குழாயின் படங்களை மட்டும் காட்டினால், கதிர்காமத்துச் சந்தின் குழாயில் விரிசல் எது, அடைப்பு எது என்று அதற்குத் தெரியாது. நம் குழாய்களைப் படமெடுத்து, நம் குழிகளில் வாயு ஏறும் வேளையை அளந்து, அதற்குக் கற்பிக்க வேண்டியவர்கள் நம் மாணவர்களே.

புதுவையில் அதற்கு இடமில்லையா? பிள்ளைச்சாவடியில், 2020இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த பொறியியல் கல்லூரி இருக்கிறது. காரைக்காலில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கதிர்காமத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாயு உடலுக்குள் செய்வதை அறிந்தவர் ஒருபுறம். வாயுவை முன்னறியும் கருவி செய்யத் தெரிந்தவர் மறுபுறம். இரு சாராரும் கூடினால் எந்தக் குழி அஞ்சாது?

ஆனால் ஓர் எச்சரிக்கை! இயந்திரம் வந்தாலே சாதி போய்விடும் என்று மயங்க வேண்டாம். குழியில் இறங்கியவன் மகனே கூலிக்கு விசையை அழுத்த, உரிமையாளர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தால், இழிவு இயந்திரமயமாகும், ஒழியாது. இந்தப் புதுவை மண் அதை முன்பே கற்றது. 1936 ஜூலை 30இல் சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு இரையாகி, எட்டு மணி நேர வேலை என்ற உரிமையை வென்றார்கள். அவர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை. இயந்திரத்தின் முன் மனிதனாக நிற்கும் உரிமையைக் கேட்டார்கள். நாமும் அதையே கேட்போம். இயந்திரத்தை இயக்குவோர்க்கு நிலையான பணி, நிறைந்த ஊதியம், பயிற்சிச் சான்று. குழியிலிருந்து மீண்டவர் பிள்ளைக்கு அந்த இயந்திரத்தை வடிவமைக்கும் கல்லூரியில் இடம். இவையும் சேர்ந்தால்தான் அது விடுதலை!

இளைஞர்களே! உங்கள் கல்லூரியில் அடுத்த முறை ரோபோக் கண்காட்சி நடக்கும்போது, கைகுலுக்கும் பொம்மையைக் கண்டு கைதட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். ‘இது குழியில் இறங்குமா?’ என்று கேளுங்கள். நகராட்சி வாயிலில் நின்று, ‘சென்ற ஆண்டு எத்தனை குழி சுத்தம் செய்தீர்? எத்தனை இயந்திரத்தால்? எத்தனை மனிதனால்?’ என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. கேள்விதான் பகுத்தறிவின் முதல் கருவி.

கதிர்காமத்தின் பெயரிலேயே கதிர் இருக்கிறது. அந்தக் கதிர் கோபுரத்தில் விழுந்து பயனில்லை, குழிக்குள் விழவேண்டும். அங்கே இனி இயந்திரம் இறங்கட்டும். மனிதன் மேலே ஏறட்டும்!