இருதயத்தில் ஓட்டையா? புத்தியில் ஓட்டையா?

குழந்தையின் இருதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், நம் ஜனங்களில் பெரும்பாலோர் முதலில் கேட்கிற கேள்வி "எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?" என்பதல்ல, "நாங்கள் என்ன பாவம் செய்தோம்?" என்பதேயாகும். இந்தக் கேள்வியை நம் வாயில் போட்டு வைத்தவர்கள் யார், அதனால் வயிறு வளர்ப்பவர்கள் யார், அதனால் சாகிறவர்கள் யார் என்பதைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

தருமபுரி மாவட்டத்து இண்டூரை எடுத்துக் கொள்ளுவோம். அங்கோ அக்கம்பக்கத்துக் கிராமம் ஒன்றிலோ ஒரு தாய்க்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். குழந்தை இரண்டு வாய் பால் குடித்ததும் மூச்சு வாங்கி விட்டுவிடுகிறது. பால் குடிக்கும்போதே நெற்றி வேர்க்கிறது. மூன்று மாதமாகியும் எடை ஏறவில்லை, சளியும் விட்டபாடில்லை. பாட்டி "சீர் தட்டியிருக்கிறது" என்கிறார். பக்கத்து வீட்டு அம்மாள் "பட்சி தோஷம்" என்கிறார். பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டுகிறார். ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்து, "தகப்பனுக்கு ஆகாத பிள்ளை" என்று சொல்லிப் பரிகாரத்துக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார். இவ்வளவும் முடிவதற்குள் வருஷம் ஒன்று ஓடிவிடுகிறது. பஸ் ஏறினால் தருமபுரி. அங்கே 2008 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் குலதெய்வம், குறிகாரி, தாயத்து எல்லாம் தீர்ந்த பிறகே அந்த பஸ்ஸில் ஏறுகிறார்கள். இந்தக் கதை இண்டூருக்கு மாத்திரம் உரியதென்று யாரும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

இருதயம் என்பது என்ன? அவரவர் கைமுட்டி அளவுள்ள ஒரு தசைப் பம்பு. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலப்பக்கம் உடம்பிலிருந்து திரும்பி வரும் கெட்ட இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கம் நுரையீரலில் காற்றேறி வரும் நல்ல இரத்தத்தை வாங்கி உடம்பு முழுதுக்கும் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் கலவாதபடி நடுவில் சுவர். போன இரத்தம் திரும்பாதபடி நாலு வால்வு, அதாவது நாலு கதவு. நாளொன்றுக்கு ஏறத்தாழ லட்சம் தடவை அது அடிக்கிறது. இவ்வளவுதான் இருதயம். அனுமார் நெஞ்சைப் பிளந்து காட்டியபோது உள்ளே இராமனும் சீதையும் இருந்தார்களாம். பூசலார் அதற்குள்ளேயே ஒரு கோயில் கட்டினாராம். இன்றைக்கு டாக்டர்கள் நாள் தவறாமல் நெஞ்சைப் பிளந்துதான் வேலை செய்கிறார்கள். பார்ப்பனர் நெஞ்சையும் பறையர் நெஞ்சையும், இந்து நெஞ்சையும் முஸ்லிம் நெஞ்சையும் பிளந்து பார்த்துவிட்டார்கள். எல்லாருக்கும் அதே நாலு அறை, அதே நாலு கதவு. சாமியும் இல்லை, சாதியும் இல்லை.

தாயின் வயிற்றில் இந்தச் சுவர் முழுதும் மூடாமல் போனால் அதற்குத்தான் ஓட்டை என்று பெயர். சில குழந்தைகளுக்கு நுரையீரலுக்குப் போகிற வழி குறுகியும் இருக்கும். அப்போது கெட்ட இரத்தம் ஓட்டை வழியாய் உடம்புக்குள் போவதால் உதடும் நகமும் நீலமாகும். கிருஷ்ணனை நீலமாய் எழுதிக் கும்பிடுகிற ஜனங்கள், தங்கள் குழந்தை நீலமாவதைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் அதே கிருஷ்ணனிடம் ஓடுகிறார்களே, இதைவிடப் பரிதாபம் வேறென்ன இருக்கிறது? உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்கு இருதயத்தில் ஏதாவதொரு பிறவிக் கோளாறு இருக்கிறது என்பது உலகமெங்கும் எடுத்த கணக்கு. இலண்டனிலும் இப்படித்தான் பிறக்கிறது, இண்டூரிலும் இப்படித்தான் பிறக்கிறது. முன்ஜென்ம பாவந்தான் காரணமென்றால், கர்மத்தையே கேள்விப்படாத தேசத்துக் குழந்தைக்கும் அதே கணக்கில் எப்படி ஓட்டை விழுந்தது?

"கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்தாள், அதனால் வந்தது" என்பது மற்றொரு புரட்டு. இருதயம் உருவாவது கருத்தரித்த மூன்றாவது வாரம் முதல் எட்டாவது வாரத்துக்குள். தான் கர்ப்பமாயிருப்பதையே பல பெண்கள் அறியுமுன் அந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஏழாம் மாதத்தில் வருகிற கிரகணம், முன்னமே கட்டி முடிந்த சுவரை எப்படி இடிக்கும்? மெய்யான காரணங்களில் சில நமக்குத் தெரியும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு ருபெல்லா என்னும் அம்மை வருவது ஒன்று. கட்டுப்படாத சர்க்கரை வியாதி ஒன்று. சில மருந்துகளும் மதுவும் ஒன்று. பரம்பரைக் கூறுகள் ஒன்று. இன்னும் பலருக்கு இன்ன காரணமென்று தனியாய்ச் சுட்ட முடிவதில்லை. ஆகவே தாயைக் குற்றவாளியாக்கி, "ராசியில்லாதவள்" என்று மூலையில் உட்கார வைக்கிற மாமியாருக்கும் புருஷனுக்கும் விஞ்ஞானத்தில் இடமே கிடையாது.

ருபெல்லாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து ஊசி போட வந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் ஒளித்து வைத்தவர்கள் எத்தனை பேர்! அம்மை வந்தால் "ஆத்தாள் வந்திருக்கிறாள்" என்று வேப்பிலை கட்டுகிற கைகள், ஊசி வந்தால் கதவைச் சாத்துகின்றன.

நிற்க, சொந்தத்தில் கட்டுகிற விஷயத்துக்கு வருவோம். இது நம் தோழர்களில் பலருக்கே கசக்கும். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும், மாமன் மகள், அத்தை மகளைக் கட்டுவதும் நம் நாட்டில் உரிமை என்றே பேசப்படுகிறது. இந்தியாவில் இந்த வழக்கம் மிகுதியாயுள்ள மாகாணங்களில் தமிழ்நாடு முன் வரிசையில் நிற்கிறது. ஒரே குடும்பத்தில் ஒளிந்திருக்கிற ஒரே குறை தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் குழந்தையிடம் சேருவதற்கு இதனால் வழி உண்டாகிறது. பிறவி இருதயக் கோளாறின் அபாயமும் கூடுகிறது. "எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாய்க் கட்டியும் பிள்ளைகள் நன்றாய்த்தானே இருக்கின்றன?" என்பார்கள். இருக்கலாம். எல்லாருக்கும் வரும் என்று யாரும் சொல்லவில்லை. அபாயம் கூடும் என்றுதான் சொல்லுகிறோம். குடித்துவிட்டு லாரி ஓட்டுகிறவன் எல்லாம் தினமும் கவிழ்ப்பதில்லை. அதனால் குடித்துவிட்டு ஓட்டலாமா? சொத்து வெளியே போகாமலும் சாதி கலந்துவிடாமலும் காப்பதற்காகக் குழந்தையின் நெஞ்சைப் பணயம் வைக்கிறோம் என்பதே இதன் அர்த்தம். பத்துப் பொருத்தம் பார்க்க ஜோசியருக்குத் தட்சணை கொடுக்கிறவர்கள், இரண்டு குடும்பத்திலும் பிறவி வியாதி உண்டா என்று ஒரு டாக்டரிடம் கேட்டதுண்டா?

இனி, இதிலுள்ள பெரிய கொடுமையைச் சொல்லுகிறோம். சிறிய ஓட்டைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளுகின்றன. அப்போது தாயத்து கட்டியிருந்தால் பெயர் தாயத்துக்கு. மொட்டை போட்டிருந்தால் பெயர் சாமிக்கு. பெரிய ஓட்டையோ மூடாது. அதன் வழியாய் நுரையீரலுக்கு அளவுக்கு மேல் இரத்தம் பாய்ந்து பாய்ந்து, அங்குள்ள குழாய்கள் வருஷக்கணக்கில் தடித்து இறுகிப் போகும். அதன் பிறகு இரத்தம் எதிர்த்திசையில் திரும்பும். சிவப்பாயிருந்த பிள்ளையும் நீலமாகும். அந்தக் கட்டத்தில் ஓட்டையை அடைத்தால் பிள்ளை பிழைக்காது என்று டாக்டரே கைவிரிக்க வேண்டியதாகும். குழந்தைப் பருவத்தில் அடைத்திருந்தால் பள்ளிக்கூடம் போய், கலியாணம் செய்து, பேரப்பிள்ளை பார்த்திருக்கக்கூடிய உயிர் அது. "விதி முடிந்தது" என்கிறார்கள். அந்த விதியை எழுதியது பிரம்மாவா? பரிகாரத்துக்கு நாள் குறித்தவரா? எந்த ஓட்டை மூடும், எந்த ஓட்டை மூடாது என்பதை எக்கோ என்னும் ஒலிப் பரிசோதனை வலியில்லாமல் காட்டிவிடுகிறது. தாயத்துக்கு அந்தக் கண் உண்டா?

வால்வு வியாதியின் கதையும் இதுவே. ஒருவிதக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளில் சிலருக்குச் சில வாரம் கழித்துக் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வீக்கமும் வரும். மூட்டு ஆறிவிடும், ஆனால் இருதயத்தின் கதவு தழும்பேறிச் சுருங்கிவிடும். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற ஏழைகளின் வியாதி இது. பணக்கார நாடுகளில் வீடும் மருந்தும் வந்தபின் இது ஏறக்குறைய மறைந்துபோயிற்று. சில பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சலின் தொடர்ச்சியாய்க் கையும் காலும் முகமும் தாமாகவே துடித்து ஆடும். உடனே "பேய் பிடித்துவிட்டது" என்று உடுக்கை அடிக்கிறார்கள். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதற்கு ஒரு புனிதரின் பெயரை வைத்து, "வீட்டஸ் நடனம்" என்றார்கள். அந்த முட்டாள்தனம் அவர்களை விட்டுப் போய்விட்டது. நம்மிடம் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. இடப்பக்கத்துக் கதவுக்கு மைட்ரல் வால்வு என்று பெயர். பாதிரிமார்களின் தலைவர் வைக்கிற தொப்பியைப் போலிருப்பதால் வந்த பெயர் அது. ஆனால் எந்தப் பாதிரியின் ஜெபமும், எந்த அர்ச்சகரின் மந்திரமும் சுருங்கிய அந்தக் கதவைத் திறந்ததில்லை. பெனிசிலின் ஊசி அது மேலும் கெடாமல் காக்கிறது. பலூனும் கத்தியும் திறக்கின்றன. ஆனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசி வருஷக்கணக்கில் போட வேண்டுமென்றால், ஆடி மாதம் ஊசி கூடாது, மாலை போட்டிருக்கிறேன் என்று நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வால்வு மாற்றியவர்களில் சிலர், விரதமென்று சொல்லி இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்துகிறார்கள். இது பக்தியா, தற்கொலையா?

பெண் குழந்தைகள் விஷயத்தில் அநியாயம் இரட்டிப்பு. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்து டாக்டர்கள் 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இருதய அறுவைச் சிகிச்சை தேவையென்று சொல்லப்பட்ட ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 70 பேருக்கு அது நடந்தது. பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 44 பேருக்கே நடந்தது. ஏன்? "நெஞ்சில் தழும்பு இருந்தால் யார் கட்டுவார்கள்?" என்கிற கேள்வியே அதற்குப் பெரிய காரணம். பெண்ணின் உயிரைவிட அவள் கழுத்தில் ஏறும் தாலி பெரிது என்கிற ஒழுங்குக்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? வியாதியை மறைத்துக் கட்டிக்கொடுத்து, அவள் கர்ப்பமானதும் சுருங்கிய வால்வு அந்தப் பாரத்தைத் தாங்காமல் மூச்சுத் திணறிச் சாகும்போது, "சுமங்கலியாய்ப் போனாள்" என்று பூ வைக்கிறார்கள்.

இந்த வியாதிகளை வென்றவர்கள் யார்? 1938இல் அமெரிக்க டாக்டர் ராபர்ட் கிராஸ், பிறந்தபின் மூட வேண்டியிருந்தும் மூடாத இரத்தக் குழாயை ஒரு சிறுமிக்குக் கட்டிக் குணப்படுத்தினார். 1944இல் பால்ட்டிமோர் நகரில் நீலக் குழந்தைக்கு முதன்முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. யோசனை சொன்னவர், காது மந்தமான ஹெலன் டாசிக் என்னும் பெண் டாக்டர். கத்தி பிடித்தவர் பிளேலாக். ஆனால் அந்த முறையை நாய்களின்மீது செய்து செய்து பழகி, அன்று டாக்டரின் பின்னால் நின்று இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொன்னவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பர். கல்லூரியில் படிக்க வசதியில்லாதவர். ஒரு காலத்தில் கூட்டிப் பெருக்குகிறவர் கணக்கில் சம்பளம் வாங்கியவர். சிகிச்சைக்கு வைத்த பெயரில் அவர் பெயர் இல்லை. 1976இல்தான் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். "பிறவியிலேயே தகுதி" பேசுகிறவர்கள் இந்த ஒரு மனிதரின் கதைக்குப் பதில் சொல்லட்டும்! நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இல் திறந்த இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. 1990இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், நம் நாட்டிலேயே செய்த செயற்கை வால்வை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். இவற்றில் ஒன்றையாவது எந்த மடாதிபதியாவது கண்டுபிடித்தாரா?

இருதய அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டும். அந்தப் பாட்டிலின்மேல் ஏ, பி, ஓ என்று எழுதியிருக்குமே தவிர, சாதி எழுதியிருக்காது. இதே தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பரில் ஒரு கலப்பு மணத்தைச் சாக்காக வைத்து நத்தம் காலனி முதலிய இடங்களில் ஆதிதிராவிடர் வீடுகளைக் கொளுத்தினார்கள். சாதி இரத்தம் கலக்கக் கூடாதென்று கொளுத்துகிற கூட்டத்தில் ஒருவரின் பிள்ளை நாளை ஆஸ்பத்திரி மேஜையில் கிடந்தால், எந்தச் சாதி இரத்தமென்று கேட்டா ஏற்றச் சொல்லுவார்?

"அறுவைச் சிகிச்சை செய்தும் செத்த பிள்ளைகள் இல்லையா?" என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் டாக்டர்கள் அதை எண்ணுகிறார்கள். ஏன் செத்தது என்று விசாரிக்கிறார்கள். அடுத்த தடவை முறையை மாற்றுகிறார்கள். தன் தாயத்து கட்டிச் செத்த பிள்ளைகளின் கணக்கை எந்தப் பூசாரியாவது வைத்திருக்கிறாரா? தப்பினால் சாமி, செத்தால் விதி என்பவருக்குத் தோல்வியே கிடையாது. தோல்வியே இல்லாத வைத்தியம் பித்தலாட்டம் என்பதில் சந்தேகமென்ன?

பணமில்லை என்பதும் முன்போல் முழுச் சமாதானமாகாது. 2013 முதல் பள்ளிக்கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் டாக்டர்கள் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்தத் திட்டத்துக்கு வாயில் நுழையாத இந்திப் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயரை எதிர்ப்போம், பரிசோதனையை விடமாட்டோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இருதய அறுவைச் சிகிச்சை செய்கிறார்கள். இவையெல்லாம் யாருடைய தர்மமுமல்ல. நம் வரிப்பணம், நம் உரிமை. அதே சமயத்தில், இருதய அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் பெரிய பட்டணங்களில் குவிந்திருப்பதையும், கூலி இழந்து ஊர் ஊராய் அலைய வேண்டியிருப்பதையும் கண்டிக்கிறோம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் நடக்கிற ஊரில், ஒரு பிள்ளையைப் பட்டணத்துக்கு அனுப்ப பஸ் செலவுக்கு வசூல் செய்தால் என்ன கெட்டுவிடும்?

ஆகவே தோழர்களே, பால் குடிக்கத் திணறுகிற, வேர்க்கிற, எடை ஏறாத, நீலமாகிற குழந்தையைக் கண்டால் அது உங்கள் வீட்டுப் பிள்ளையா, எதிரி வீட்டுப் பிள்ளையா என்று பாராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தொண்டைப் புண்ணுக்குப் பின் மூட்டு வீங்குகிற பிள்ளையையும் அப்படியே. பெற்றோருக்கு நம்பிக்கை போகாவிட்டால், கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும். பிள்ளை பஸ்ஸில் ஏறட்டும். கயிற்றை அவிழ்க்கிற சண்டையை, பிள்ளை பிழைத்துத் திரும்பிய பிறகு சாவகாசமாய்ப் போடலாம். பகுத்தறிவு பேசுகிற நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளையாவது இப்படி நேரத்தில் கொண்டு சேர்த்தால், நூறு கூட்டம் போட்டுப் பேசுவதைவிட அது பெரிய பிரசாரமாகும் என்பதே நமது அபிப்பிராயம்.