லேப்டாப் பேட்டரி: 100% என்பது எந்த 100%?

லேப்டாப் வாங்கி இரண்டு ஆண்டு ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது: "100% சார்ஜ் காட்டுகிறது. ஆனால் முன்பு ஐந்து மணி நேரம் வந்தது, இப்போது நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பேட்டரி பழுதா?"

பழுது இல்லை, தேய்மானம். லித்தியம் அயன் பேட்டரியை சார்ஜ் செய்து பயன்படுத்தும்போது, அதிலுள்ள லித்தியத்தில் ஒரு சிறு பகுதி எதிர்மின்வாயின் மேல் படலமாகத் தங்கிவிடுகிறது. அது மீண்டும் பயன்படாது. அதிக சூடும், எந்நேரமும் முழு சார்ஜில் வைத்திருப்பதும் இதை வேகப்படுத்தும்.

ஸ்கூட்டர் டயரும் தேயத்தான் செய்யும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியும். பேட்டரி தேய்வது தெரிவதில்லை என்பதுதான் என் குறை. டாஸ்க்பாரில் நீங்கள் பார்க்கும் 100% என்பது, பேட்டரி இன்று கொள்ளும் அளவுக்குத்தான். வாங்கிய நாளில் கொண்ட அளவுக்கு அல்ல.

உண்மை நிலையை அறிய விண்டோஸில் வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎப்ஜி கட்டளையை, பேட்டரிரிப்போர்ட் என்ற ஸ்விட்சுடன் இயக்குங்கள். உருவாகும் அறிக்கையில் டிசைன் கெபாசிட்டி, புல் சார்ஜ் கெபாசிட்டி என இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 50,000, இரண்டாவது 40,000 என்றால் உங்கள் 100% உண்மையில் 80%தான். பழைய லேப்டாப் வாங்குபவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ஐபோனில் 2018 முதல் இந்த விவரம் செட்டிங்ஸிலேயே கிடைக்கிறது. லேப்டாப்பில் மட்டும் ஏன் கட்டளை தட்டித் தேட வேண்டும்? பேட்டரி ஐகானைக் கிளிக் செய்தாலே தெரிய வேண்டாமா?

அடுத்தது, மாற்றும் வசதி. முன்பெல்லாம் அடிப்பக்கத் தாழ்ப்பாளை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இன்று பெரும்பாலான மாடல்களில் மூடியைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் பசை போட்டு ஒட்டியே விடுகிறார்கள். தேயும் என்று தெரிந்த பாகத்தை இப்படிப் பூட்டி வைப்பது நியாயமில்லை. ஐரோப்பிய யூனியன் 2023ல் கொண்டு வந்த சட்டம், சில விலக்குகளுடன், 2027 பிப்ரவரி 18 முதல் பயன்படுத்துபவரே பேட்டரியைக் கழற்றி மாற்ற வழி வேண்டும் என்கிறது. நமக்கும் அப்படி ஒரு விதி தேவை.

அதுவரை, உங்கள் லேப்டாப்பில் 80% அளவில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் ப்ராசசர், ரேம் பற்றிக் கேட்பதோடு, இந்த மாடலுக்கு மாற்று பேட்டரி கிடைக்குமா, மாற்ற மொத்தம் எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு மாடலைப் பாருங்கள்.