டிஎன்எஸ் மாற்றினால் லேக் போகுமா?

பிளேஸ்டேஷன் செட்டிங்கில் 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டால் லேக் பறந்துவிடுமாம். யாரோ கிளப்பிவிட்டது, பாடாலூர் வரை வந்துவிட்டது. சுத்தப் பேத்தல்!

டிஎன்எஸ் வெறும் விசாரணை கவுண்டர். சர்வரின் பெயரைச் சொன்னால் ஐபி முகவரி தரும், அவ்வளவுதான். பாடாலூர் ஸ்டாப்பில் திருச்சி பஸ் எது என்று ஒருவரிடம் கேட்டு ஏறுகிறீர்கள். வேறு ஆளிடம் கேட்டிருந்தால் அதே பஸ் வேகமாகப் போயிருக்குமா? ஆட்டம் தொடங்கியபின் கன்சோல் நேரே சர்வரோடுதான் பேசுகிறது. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், சென்னையிலிருந்து கடலடி கேபிளே சுமார் 3,200 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. ஓடும். போய்வர 32 மில்லிசெகண்டாவது ஆகும். எந்த நம்பரும் அதைக் குறைக்காது.

நெட் தரும் கம்பெனியின் டிஎன்எஸ் படுத்துவிட்டால் லாகின் ஆகாது. அப்போது மாற்றுங்கள், பலன் உண்டு. மற்றபடி வைஃபையை விட்டு லேன் கேபிள் செருகுங்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்ற பாரத்நெட், வீட்டு வாசலுக்கு எப்போது வரும் என்று கிராம சபையில் கேளுங்கள். மாதாமாதம் காசு கட்டுகிறவர் கேள்வி கேட்காமல் நம்பரை மாற்றிக்கொண்டிருந்தால், கம்பெனிக்குத்தான் கொண்டாட்டம்.