கண்ணாடிக் கூண்டில் கார் எதற்கு?

சங்கத்தில் என்னைப் பார்க்கும் அன்பர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இரண்டு. "அந்தச் சின்னக் கார் இன்னும் ஓடுகிறதா?" என்பது ஒன்று. "இன்றைக்கு விற்றால் என்ன விலை போகும்?" என்பது மற்றது. கொஞ்ச காலமாக முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நேரே இரண்டாவதற்கு வந்துவிடுகிறார்கள். இது எனக்குக் கவலை தருகிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னிடம் இருப்பது எம்.ஜி.ஏ. என்ற, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரை இல்லாத பிரிட்டிஷ் கார். (எம்.ஜி. என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருகிறவர் வேறு. இது 'மாரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம்.) ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்ற ஊரில் 1955 முதல் 1962 வரை இதைச் செய்தார்கள். மொத்தம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. என்னுடையது ஒரு தேயிலைக் கம்பெனி அதிகாரியோடு கல்கத்தா வந்து, மூன்று கை மாறி, 1979-ல் என்னிடம் சேர்ந்தது. அந்த நாளில் ஒரு பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தக் காரை யாரும் சீண்டவில்லை. கையோடு கிடைத்தது.

இப்போது நிலைமை தலைகீழ். சென்ற வருடம் ஓர் ஓட்டல் அதிபர் ஆள் அனுப்பினார். முன்கூடத்தில் கண்ணாடி அறை கட்டி, மேலே விளக்குப் போட்டு வைப்பாராம். என் மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார். "மாமா, ஏ.சி. அறையில் பத்திரமாக இருக்குமே, நீங்கள் ஏன் இந்த வயதில் காருக்கு அடியில் படுத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் காரைப் பொறுத்தவரை அது பத்திரம் இல்லை.

நிறுத்தி வைத்த காருக்கு என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர்கள் துருப்பிடித்து, ரப்பர் வாஷர் ஒட்டிக்கொள்ளும். கல்கத்தா ஈரத்தில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு பிடித்துக்கொள்வதும் உண்டு. டாங்கில் விட்ட பெட்ரோல் பிசின் மாதிரி ஆகிவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. மாதம் இரண்டு முறை, எஞ்சின் நன்றாகச் சூடேறும்படி இருபது கிலோமீட்டர் ஓடினால் இந்த வியாதிகளில் பாதி அண்டாது.

இந்த மாதிரி கார்கள் மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ் வகை அல்ல என்பதையும் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் ஸ்போர்ட்ஸ் கார் செய்த முறை சிக்கனமான முறை. குடும்பக் காரின் எஞ்சினையும் மற்ற சாமான்களையும் எடுத்து, எடை குறைந்த ஒரு சின்ன உடம்பில் பொருத்தினார்கள், அவ்வளவுதான். சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நினைவிருக்கும். அதன் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. எம்.ஜி.ஏ.வின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். முதலில் வந்த எம்.ஜி.ஏ. 1500-ன் எஞ்சின் 1489 சி.சி., 'பி சீரிஸ்' குடும்பம். கல்கத்தாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், உத்தரபாராவில் செய்த அம்பாசிடரில் பல்லாண்டுகள் ஓடியதும் அதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின்தான்.

அம்பாசிடரில் அது ஏறக்குறைய ஐம்பது குதிரைசக்தியோடு மாமா, மாமி, குழந்தைகள், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பொறுமையாகப் போகும். எம்.ஜி.ஏ.வில் அதற்கு இரண்டு கார்புரேட்டர் வைத்து எழுபது குதிரைசக்திக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் வித்தியாசத்தின் பெரும்பகுதி எடையில் இருக்கிறது. மொத்தக் காரும் ஏறக்குறைய 900 கிலோ. கதவு, பானெட், டிக்கி மூடி இவற்றுக்கு அலுமினியத் தகடு. தரை மரப்பலகை. கதவுக்கு வெளியே கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. வேண்டாததையெல்லாம் விட்டுவிட்டதால் கிடைத்த வேகம் அது. எம்.ஜி. என்ற பெயர் இப்போது வேறு கைக்குப் போய், 2025-ல் சைபர்ஸ்டர் என்ற மின்சார ஸ்போர்ட்ஸ் கார் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் எடை கிட்டத்தட்ட இரண்டு டன். நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஜாதியைச் சேர்ந்தது அல்ல.

அம்பாசிடர் உறவு இருந்ததால்தான் இந்தக் கார் இங்கே பிழைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு கேஸ்கெட் தருவிக்க லைசென்ஸ் வேண்டியிருந்த காலத்தில், மல்லிக் பஜாருக்குப் போனால் கேஸ்கெட், பேரிங், ஆயில் சீல் என்று ஏதாவது ஒன்று பொருந்திவிடும், அல்லது கொஞ்சம் ராவினால் பொருந்தும். 1990-களில் அம்பாசிடருக்கு இசுசு எஞ்சின் வந்த பிறகு பழைய எஞ்சின் சாமான்கள் குறையத் தொடங்கின. 2014 மே மாதம் உத்தரபாரா தொழிற்சாலையே நின்றுவிட்டது. இன்று மல்லிக் பஜாரில் நான் கேட்பதைச் சொன்னால், கடைப் பையன் தன் தாத்தாவைக் கூப்பிடுகிறான்.

சாமான் கிடைக்காதது பெரிய பிரச்சினை இல்லை. இப்போது தபாலில் இங்கிலாந்திலிருந்து எல்லாம் வருகிறது, காசுதான் வேண்டும். வேலை தெரிந்த கை வருவதில்லையே, அதுதான் பிரச்சினை. நாற்பது வருடமாக என் காரைப் பார்த்துவரும் உஸ்தாதுக்கு எண்பது நெருங்குகிறது. இரட்டைக் கார்புரேட்டரை அவர் சரிசெய்வதைப் பார்க்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒரு கார்புரேட்டர் வாயில் பிடிப்பார், பிறகு அடுத்ததில். இரண்டும் ஒரே 'உஸ்' சத்தத்தில் காற்றை இழுக்கும்வரை திருகாணியைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்புவார். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் போலத்தான். நான் கற்றுக்கொண்டேன், ஆனால் அவருக்கு ஐந்து நிமிடம் ஆவது எனக்கு முக்கால் மணி ஆகிறது.

இன்றைய பட்டறைகளில் இருப்பவை மில்லிமீட்டர் ஸ்பேனர்கள். இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 ஸ்பேனர் போட்டால் ஏதோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். பலமாகத் திருகினால் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு உளிதான். மேலும், பல பழைய பிரிட்டிஷ் கார்களைப் போல இதற்கும் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். பாட்டரியும் இருக்கைக்குப் பின்னால் ஆறு வோல்ட் வீதம் இரண்டு. தெரியாத பையன் தலைகீழாக மாட்டினால் பின்னால் பொருத்திய ரேடியோ முதலானவை புகைந்துவிடும். புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் கையில் வரும்.

உஸ்தாதின் மகன் வாடகைக் கார் ஓட்டுகிறார். பேரன் மொபைல் ரிப்பேர். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? இந்த நகரத்திலிருக்கும் பழைய கார்கள் மாதாமாதம் ஓடினால், மாதாமாதம் ஏதாவது வேலை வரும். முன் சக்கரக் கிங்பின்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒரு முறை கிரீஸ் அடிக்க வேண்டும், மழைக்காலம் முடிந்ததும் தரைப்பலகையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அப்படி வேலை இருந்தால் பேரனும் பட்டறைக்கு வருவான். எல்லாம் கண்ணாடி அறைக்குள் போய்விட்டால் துணி வைத்துத் துடைக்க ஓர் ஆள் போதும். கார் விலை ஏற ஏற, அதைப் பழுதுபார்க்கும் தொழில் செத்துக்கொண்டிருக்கும் விந்தை இதுதான்.

சர்க்காரும் தெரிந்தோ தெரியாமலோ இதற்கு உதவுகிறது. 2021-ல் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதியலாம், புதுப் பதிவுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு எண், கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவானதற்குப் பழைய எண்ணே தொடரும். அங்கீகாரம் கிடைத்தது நல்லதே. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுதல், பழுதுபார்த்தல் போன்ற காரியங்களுக்கு மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். மனைவியை ஏற்றிக்கொண்டு டயமண்ட் ஹார்பர்வரை போய் இளநீர் குடித்துவிட்டு வருவது இந்தப் பட்டியலில் எங்கே வருகிறது? 'பராமரிப்பு' என்று சொல்லித் தப்பிக்க வேண்டியதுதான்.

இன்னொரு நிபந்தனை, வண்டி மூல வடிவிலேயே இருக்க வேண்டும், சட்டம், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது என்பது. நோக்கம் சரி. ஆனால் இந்தியாவில் உயிர் தப்பிய பிரிட்டிஷ் கார்களில் அம்பாசிடர் சாமான் ஒன்றிரண்டு இல்லாத கார் எத்தனை இருக்கும்? அந்தச் சாமான்தான் அதைக் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றியது. என்னைக் கேட்டால் அதுவும் காரின் சரித்திரம். ஆனால் மேஜைக்குப் பின்னால் இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்வாரோ!

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் காரின் புகையில் எந்த வடிகட்டியும் இல்லை. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் பார்த்தால் இன்றைய காரைவிட அது அழுக்குதான். தினம் ஆபீசுக்கு இதில் போக அனுமதி கேட்டால் நானே எதிர்ப்பேன். இங்கிலாந்தில் நாற்பது வயது தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாததாக இருந்தால் ஆண்டுச் சோதனையும் கட்டாயம் இல்லை. எங்கு வேண்டுமானாலும் போகலாம். அவ்வளவு தாராளம் நமக்கு ஒத்துவராது. ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு வைக்கட்டும், இரண்டாயிரம் போதும். வருடா வருடம் பிரேக்கையும் விளக்கையும் ஸ்டியரிங்கையும் கறாராகச் சோதிக்கட்டும். அந்த வரம்புக்குள் எங்கே போகிறேன் என்று கேட்க வேண்டாம். போக்குவரத்துத் துறைக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். பழைய கார், பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கும் அன்பர்கள் தாங்களும் எழுதினால் நல்லது.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் ஆகும். 2023-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக வந்து, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் கார்க் சீலையும் கெடுக்கும். பெட்ரோலைவிட அதில் சக்தியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் பழைய கார்புரேட்டரில் கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். எல்லா ரப்பர் குழாயையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். ஜெட்டைச் சற்று இறக்கிக் கலவையைக் கெட்டியாக்கினேன். மூன்று வாரத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் டாங்கைக் காலி செய்துவிடுகிறேன். ஓடிக்கொண்டே இருந்தால் இந்தத் தொல்லையும் குறைவு.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இஞ்சினீயரிங் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டரில் எஞ்சின் படம் அழகாக வரைகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாயா என்றால் விழிக்கிறார்கள். அவர்களுக்கும், ஆர்வமுள்ள பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை உஸ்தாத் என் வீட்டுக்கு வருகிறார். அவர் இந்தியிலும் வங்காளியிலும் மாறி மாறிப் பேசுவார், இங்கே வளர்ந்த உங்களுக்குப் புரியும். என்னிடம் மூன்று செட் அங்குல ஸ்பேனர் இருக்கிறது. அடுத்த மாதம் வால்வு இடைவெளி பார்ப்பதாக இருக்கிறோம். எட்டு மணிக்கு வரலாம். பழைய சட்டை போட்டுக்கொண்டு வரவும்.