ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதுமா?

மின்சாரம் நின்றால் அம்மாபேட்டையில் விசைத்தறி நிற்கும். நெசவாளியின் அன்றைய கூலி போகும். 2012-ல் பல மணி நேர மின்வெட்டால் சேலத்து நெசவாளர் பட்ட பாட்டை நாடறியும். ஆயினும் நின்ற தறியால் ஊருக்கு ஆபத்தில்லை.

அணு உலையின் சங்கதி வேறு. உலையை நிறுத்திய கணத்திலும் முழு வெப்பத்தில் சுமார் 6 சதவீதம் எஞ்சியிருக்கும். பல நாட்கள் சென்றும் அது முற்றிலும் அடங்காது. அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரைச் செலுத்தும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரம் அறுந்தால் டீசல் ஜெனரேட்டர்களே கதி.

“ஜெனரேட்டர்கள் பல இருக்கின்றன, பயம் வேண்டாம்” என்கிறார்கள் அதிகாரிகள். நரோரா சொல்லும் பாடம் என்ன?

1993 மார்ச் 31-ந் தேதி அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா முதல் உலையில் டர்பைன் இறக்கைகள் ஒடிந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீ மூண்டது. பிரதான மின் கேபிள்களும் மாற்றுக் கேபிள்களும் தீத்தடுப்பின்றி ஒன்றாகச் சென்றதால் இரண்டும் கருகின. ஜெனரேட்டர்கள் இருந்தும் பயனில்லை. சுமார் 17 மணி நேரம் அந்த உலை மின்சாரமின்றிக் கிடந்தது. விபரீதத்தைத் தடுத்தவர்கள் அங்கிருந்த ஊழியர்களே. கைவிளக்குடன் உலைக் கட்டிடத்தில் ஏறிப் போரான் கரைசலைத் திறந்துவிட்டார்கள். தீயணைப்பு டீசல் பம்புகளால் தண்ணீர் செலுத்தினார்கள்.

2011 மார்ச் 11-ந் தேதி ஜப்பானின் புகுஷிமாவில் பூகம்பம் வெளி மின்சாரத்தை அறுத்தது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. ஆழிப்பேரலை வந்து அவற்றை மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. நமது கல்பாக்கத்திலும் 2004 டிசம்பர் 26-ந் தேதி பம்பு அறைக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது நல்ல காலம். கூடங்குளமும் கடற்கரையில்தான் நிற்கிறது.

ஒரே தீயும் ஒரே அலையும் எல்லாவற்றையும் அழிக்குமானால், நான்கு ஜெனரேட்டர் இருந்தென்ன, நாற்பது இருந்தென்ன? ஒவ்வொன்றும் தனி அறையில், தனிக் கேபிளுடன், அலை எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

நரோராவுக்குப் பின் திருத்தங்கள் நடந்தன; புகுஷிமாவுக்குப் பின் ஆய்வுக் குழுக்கள் அமர்ந்தன. அது போதாது. சோதனை ஓட்டத்தில் எந்த ஜெனரேட்டர் எத்தனை முறை கிளம்பவில்லை என்ற கணக்கைத் தமிழில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். யந்திரத்தோடு பழகும் தொழிலாளரின் சொல்லுக்கு ஆய்வில் இடம் வேண்டும்.

அம்மாபேட்டை நெசவாளி தறி ஓட மின்சாரம் கேட்கிறார். அதற்காகக் கல்பாக்கத்து மீனவரின் உயிரைப் பணயம் வைக்க அவர் ஒப்பமாட்டார். சர்க்கார் கணக்குக் காட்டட்டும்!