இலை வேறு, எண்ணெய் வேறு!

தைம் என்று ஒரு வாசனைச் செடி. ஒரு சாண் உயரம் இருக்கும். மிஞ்சினால் ஓர் அடி. இலை அரிசி அளவுதான். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ் நாடுகளிலும் பிரான்சின் தென்பகுதியிலும், வெயில் காயும் கல் நிலத்தில் தானே முளைக்கிறது.

இப்போது நம் ஊர்க் கடைகளிலும் அந்த இலை உலர்ந்த வடிவில் விற்கிறது. அதன் எண்ணெயும் விற்கிறது. இலையைத் தாராளமாக வாங்கலாம். எண்ணெயை மட்டும் வீட்டு வைத்தியத்துக்கு வாங்கக் கூடாது!

பல வகை

தைமில் பல வகை உண்டு. சமையலுக்குப் பெரும்பாலும் சாதாரணத் தைம். எலுமிச்சை மணம் வீசுவது ஒரு வகை; அதை மீனுக்கும் தேநீருக்கும் சேர்ப்பார்கள். பாய் விரித்ததுபோல் தரையில் படர்வது இன்னொரு வகை.

பிரெஞ்சுப் பெண்கள் தைமையும் வேறு சில இலைகளையும் நூலால் கட்டி, கொதிக்கும் சூப்பில் போடுவார்கள். இறக்கும்போது கட்டை எடுத்துவிடுவார்கள். கொத்தமல்லித் தழையைக் கடைசியில் தூவுகிறோம். தைம் அப்படி அல்ல, முதலிலேயே போடலாம். வெகுநேரம் கொதித்தாலும் மணம் போகாது.

கிரீஸ் நாட்டில் தேனீக்கள் தைம் பூவை நாடும். ஏதென்ஸ் நகரை அடுத்த ஹிமெட்டஸ் மலைத் தேன் பழங்காலம் முதலே பேர்போனது.

ஓமத்தின் மணம்

தைம் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். "அட, ஓம வாசனை!" என்பீர்கள். தைம், துளசியின் குடும்பம். ஓமம், சீரகத்தின் குடும்பம். ஆனாலும் இரண்டிலும் இருப்பது 'தைமால்' என்ற ஒரே சரக்கு. ஜெர்மானியரான காஸ்பர் நாய்மன் 1719-ல் அதைத் தைம் எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்.

1914-ல் முதல் உலகப் போர் மூளும்வரை, நம் நாட்டு ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போயிற்று. அங்கே அதிலிருந்து தைமால் எடுத்தார்கள்!

எங்கே ஆபத்து?

தைமால் கிருமியைக் கொல்லும். வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் அது இன்றும் சேர்கிறது. ஒரு காலத்தில் வயிற்றிலுள்ள கொக்கிப்புழுவை ஒழிக்கவும் கொடுத்தார்கள். ஆனால், அளவு மீறினால் நோயாளிக்கே நஞ்சாகும். ஆகவே, பிறகு வேறு மருந்துகள் வந்தன.

100 கிலோ உலர்ந்த தைமை வடித்தால் சுமார் ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். அவ்வளவு காரமும் அதில் அடக்கம். தோலில் நேராகப் பட்டால் எரியும். குடித்தால் வயிறு புண்ணாகும். "இயற்கைப் பொருள்தானே" என்று குழந்தைக்கு ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள்!

ஜெர்மனியில் தைம் கலந்த இருமல் மருந்து விற்கிறது. அது அளவறிந்து தயாரித்தது. புட்டி எண்ணெய் அதற்கு ஈடாகாது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தைமும் வேண்டாம், ஓமமும் வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். காசநோய்க்கான சளிப் பரிசோதனை அங்கே இலவசம்.

மணத்துக்கு இலை போதும். நோய்க்கு டாக்டர் வேண்டும்.