பீரங்கி ரகசியம், பில்லும் ரகசியமா?

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலையைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கொடும்பாளூர் வருகிறது. அங்கே மூவர் கோவில் இருக்கிறது. பெயர்தான் மூவர் கோவில். இன்று நிற்பவை இரண்டு கோவில்களே. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இது படை வீரர்களின் ஊர். இருக்குவேளிர் என்ற சிற்றரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். சோழர்களுக்குப் பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள். சோழர் போருக்குப் புறப்பட்டால் படையோடு முன்னே போனவர்கள். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களிடம் வானதியின் ஊர் என்று சொன்னால் போதும். சுந்தர சோழன் காலத்தில் ஈழத்துக்குப் படையுடன் போன கொடும்பாளூர்ச் சிறியவேளான் திரும்பி வரவில்லை. அங்கேயே களத்தில் மாண்டார்.

மூவர் கோவிலைக் கட்டியவர் பூதி விக்கிரமகேசரி என்ற வேளிர் தலைவர். அங்கே வடமொழியில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவருடைய முன்னோர் யார், யார் எந்தச் சண்டையில் வென்றார் என்பதெல்லாம் அதில் வருகிறது. கடைசியில் தானக் கணக்கு. மல்லிகார்ஜுனர் என்ற துறவிக்கு ஒரு மடம். 50 துறவிகளுக்குச் சோறு போட 11 ஊர்கள். யாருக்கு, எவ்வளவு, எதற்காக? மூன்று கேள்விக்கும் கல்லிலேயே பதில் உண்டு. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்றும் சிலர்தான். ஆனாலும் கணக்கு பெட்டிக்குள் இல்லை, வெளியே இருந்தது.

ஆனால் ஒன்று. கிடைத்திருக்கும் வரிகளில் சண்டையின் பெருமை இருக்கிறது. சண்டைக்கு ஆன செலவு இல்லை.

இன்றும் அந்தச் செலவுதான் மக்கள் கண்ணுக்கு எளிதில் அகப்படாத செலவு. 2025-26 பட்ஜெட்டில் இந்தியா ராணுவத்துக்கு ஒதுக்கிய தொகை சுமார் 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். அதில் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடி, விமானம், கப்பல், பீரங்கி போன்றவற்றை வாங்குவதற்கான மூலதனச் செலவு. சோப்புக் கட்டி வாங்கும் குடும்பமும் இதற்கு வரி கட்டுகிறது. அந்தப் பணம் சரியாகச் செலவாகிறதா என்று கேட்டால், "இது ராணுவ ரகசியம்" என்ற பதில் பல சமயங்களில் வருகிறது.

ரகசியம் தேவைதான். பீரங்கி எந்த மலையில் நிற்கிறது என்று எதிரிக்குச் சொல்ல முடியுமா? ஆனால் அந்தப் போர்வைக்குள் திருடனும் வந்து படுத்துக்கொள்கிறான் என்பதுதான் சிக்கல்.

வந்தது 155 ஜீப்

கதை சுதந்திரத்தோடே தொடங்குகிறது. காஷ்மீரில் சண்டை. மலைப் பாதையில் ஓட ராணுவத்துக்கு ஜீப்புகள் அவசரமாகத் தேவைப்பட்டன. 1948-ல் லண்டனில் இந்தியாவின் ஹைகமிஷனராக இருந்தவர் வி.கே. கிருஷ்ண மேனன். அவர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டார். தொகை சுமார் 80 லட்சம் ரூபாய். வழக்கமான நடைமுறைகள் பின்பற்றப்படவில்லை.

கேட்டது 2,000 ஜீப்புகள். வந்து இறங்கியவை 155. அவையும் ஓடும் நிலையில் இல்லை!

பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரணை வேண்டும் என்றது. ஆனால் 1955 செப்டம்பரில் உள்துறை மந்திரி கோவிந்த வல்லப பந்த், விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அடுத்த ஆண்டே மேனன் மத்திய மந்திரி ஆனார். 1957-ல் ராணுவ மந்திரியே ஆனார்.

மேனன் பணம் எடுத்தார் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனியை ஏன் பிடித்தார்கள், வண்டியை ஓட்டிப் பார்க்காமல் எப்படிப் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் கோர்ட்டுக்கே போகாமல் அடங்கிவிட்டன. அந்த வழக்கம் பிறகும் தொடர்ந்தது.

ஸ்வீடன் ரேடியோ போட்ட குண்டு

1986 மார்ச் 24. ஸ்வீடன் நாட்டு போபர்ஸ் கம்பெனியோடு இந்தியா ஒப்பந்தம் செய்தது. சுமார் 400 பீரங்கிகள். விலை 1,437 கோடி ரூபாய். தரகர் யாரும் கூடாது என்பது பிரதம மந்திரி ராஜீவ் காந்தி அரசின் கண்டிப்பான நிபந்தனை.

1987 ஏப்ரல் 16-ந் தேதி ஸ்வீடன் ரேடியோ ஒரு செய்தி வெளியிட்டது. இந்த வியாபாரத்தில் லஞ்சம் கை மாறியது என்றது அந்தச் செய்தி. டெல்லி அதிர்ந்தது. ஸ்வீடனின் தணிக்கைத் துறையும் விசாரித்து, பணம் போனது உண்மை என்றது. யாருக்குப் போனது என்ற பக்கம் மட்டும் மறைக்கப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான். விஷயம் வெளிவந்தது டெல்லியில் அல்ல. எங்கோ ஒரு குளிர் நாட்டின் ரேடியோவில்! பிறகு சித்ரா சுப்பிரமணியம் என்ற பெண் நிருபர் ஜெனீவாவில் இருந்துகொண்டு ஆவணங்களைத் தேடி எடுத்தார். 'இந்து' பத்திரிகை அவற்றை வெளியிட்டது. ஆவணங்களைக் கொடுத்தவர் ஸ்வீடன் போலீஸ் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம் என்பது 2012-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை என்றும் அவரே அப்போது சொன்னார்.

இங்கே பார்லிமெண்டுக் கூட்டுக் குழு ஒன்று விசாரித்து, லஞ்சம் இல்லை என்று 1988-ல் அறிக்கை கொடுத்தது. 1989-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை வேறு மாதிரி வந்தது. பீரங்கியைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே குறை கண்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் ஆட்சி மாறியது.

வழக்கு? 1990-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. 2004-ல் டெல்லி ஐகோர்ட்டு, காலமாகிவிட்ட ராஜீவ் காந்தி மீதான லஞ்சக் குற்றச்சாட்டைத் தள்ளியது. 2005-ல் இந்துஜா சகோதரர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இத்தாலிய வியாபாரி குவாத்ரோச்சி 1993-லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார். 2011-ல் அவர் மீதான வழக்கும் முடிக்கப்பட்டது. லஞ்சம் என்று சொல்லப்பட்ட தொகை 64 கோடி. விசாரணைக்கு ஆன செலவு சுமார் 250 கோடி என்று அந்தக் கோர்ட்டே மனம் நொந்து குறிப்பிட்டது. திருட்டுப் போன தாலியைத் தேடித் தோட்டத்தை விற்ற கதை!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பீரங்கி நல்ல பீரங்கி. 1999-ல் கார்கில் மலை உச்சிகளில் ஒளிந்திருந்த எதிரியைச் சிதறடித்தது அதுதான். பீரங்கியில் கோளாறு இல்லை. பில்லில்தான் கோளாறு.

6,000 மீட்டர், 4,500 ஆனது

ராணுவத்துக்குப் பொருள் வாங்குவது எப்படி? புதுக்கோட்டைச் சீமையில் ஒரு விவசாயி ஆழ்துளைக் கிணற்றுக்கு மோட்டார் வாங்குவதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். "இத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் இழுக்க வேண்டும்" என்று முதலில் சொல்கிறார். நாலு கடைகளில் விலை கேட்கிறார். ஓட்டிப் பார்க்கிறார். பிறகு பணம் கொடுக்கிறார். அந்த "இத்தனை அடி" என்ற எண்ணை மட்டும் யாராவது மாற்றிவிட்டால் என்ன ஆகும்? நேற்றுவரை உதவாது என்று ஒதுக்கிய மோட்டார் இன்று போட்டிக்கு வந்துவிடும்.

ராணுவத்திலும் இதே முறைதான். முதலில் தேவைக் குறிப்பு. பிறகு டெண்டர், சோதனை, விலை பேச்சு. எல்லாரும் விலை பேச்சையே கூர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் பல சமயம் காரியம் முடிவது தேவைக் குறிப்பு எழுதும்போதே.

பெரிய தலைவர்கள் பயணம் செய்ய 12 ஹெலிகாப்டர்கள் வாங்க 2010-ல் அகஸ்டா வெஸ்ட்லாண்ட் கம்பெனியுடன் ஒப்பந்தம் ஆனது. மதிப்பு சுமார் 3,600 கோடி ரூபாய். முதலில் 6,000 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பிறகு அது 4,500 மீட்டர் ஆனது. 6,000 என்றால் ஒரே கம்பெனிதான் தேறும், போட்டி இருக்காது என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. நியாயமான காரணம் போலத்தான் தோன்றுகிறது. ஆனால் புதிய எண்ணால் உள்ளே வந்த கம்பெனிக்கே ஆர்டர் போனது.

2013-ல் அதன் தாய்க் கம்பெனித் தலைவரை இத்தாலிப் போலீஸ் கைது செய்தது. இந்த முறையும் விஷயம் வெளிநாட்டிலிருந்தே வெடித்தது! 2014 ஜனவரி 1-ந் தேதி இந்தியா ஒப்பந்தத்தை ரத்து செய்தது. இத்தாலியக் கோர்ட்டு ஒரு கட்டத்தில் தண்டித்தது, 2018-ல் விடுதலை செய்தது. அதே 2018-ல் தரகர் என்று குற்றம் சாட்டப்பட்ட கிறிஸ்டியன் மிச்செல் துபாயிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டார். எண் ஏன் மாறியது, யார் மாற்றச் சொன்னார் என்பது மாறிய அன்றே பகிரங்கமாகி இருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவின் லாக்ஹீட் விமானக் கம்பெனி பல நாடுகளில் லஞ்சம் கொடுத்தது 1976-ல் அம்பலமானது. ஜப்பானின் முன்னாள் பிரதம மந்திரி தனாகாவே கைதானார். அடுத்த ஆண்டு, வெளிநாட்டு அதிகாரிக்கு லஞ்சம் கொடுப்பது குற்றம் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. ஜெர்மனியிலோ 1990-களின் கடைசிவரை, வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைச் செலவுக் கணக்கில் எழுதி வரி குறைத்துக்கொள்ளவே வழி இருந்தது!

பயமும் ஒரு நஷ்டம்

போபர்ஸ் விவகாரத்துக்குப் பிறகு பீரங்கி பைலில் கையெழுத்துப் போடவே அதிகாரிகள் தயங்கினார்கள். வந்த கம்பெனிகளிலும் சில தடைப் பட்டியலுக்குப் போயின. 2012-ல் மட்டும் 6 கம்பெனிகளுக்குத் தடை. அடுத்த புது வகை வெளிநாட்டுப் பீரங்கிக்கு ஒப்பந்தம் ஆனது 2016-ல். இடையில் 30 ஆண்டுகள்! 1986-ல் பிறந்த குழந்தை பட்டாளத்தில் சேர்ந்து பல ஆண்டு சேவையும் செய்திருக்கும்.

போபர்ஸ் கொடுத்த வரைபடங்களை வைத்து 'தனுஷ்' என்ற பீரங்கியை இந்தியாவே தயாரித்தது. அதிலும் தொல்லை வந்தது. ஜெர்மனியில் செய்தது என்று சொல்லிச் சீனாவில் செய்த பேரிங்குகளைக் கொடுத்துவிட்டார்கள் என்று 2017-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது.

மறைவாக நடப்பதால் நேர்மையானவனுக்கும் நிம்மதி இல்லை. கார்கில் சண்டையை ஒட்டி, வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்ப 500 அலுமினியச் சவப்பெட்டிகளுக்கு அமெரிக்கக் கம்பெனியிடம் ஆர்டர் போனது. ஒரு பெட்டி 2,500 டாலர். வந்தவை 150. சொன்ன எடை 18 கிலோ, வந்த பெட்டியோ 55 கிலோ. 2001-ல் தணிக்கை அறிக்கை இதைச் சொன்னதும் நாடே கொதித்தது. சவப்பெட்டியிலுமா என்று தாய்மார்கள் கேட்டார்கள். மூன்று ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு வந்தது. 2013-ல் கோர்ட்டு அவர்களை விடுவித்தது. குற்றமற்றவர் என்ற பெயர் கிடைக்க 12 ஆண்டுகள். விலைப் பேச்சும் சோதனைக் குறிப்பும் முதல் நாளிலேயே திறந்திருந்தால் அவர்கள் தலை நிமிர்ந்து நடந்திருப்பார்கள்.

பனியில் கண்ணாடி இல்லை

இப்போது விதிகள் கடுமையாகியிருக்கின்றன. லஞ்சம் கொடுக்க மாட்டோம் என்று பெரிய ஒப்பந்தங்களில் கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் ஒப்பந்தம் போய்விடும். 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டம் நாட்டின் பாதுகாப்பு பற்றிய தகவலுக்கு விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கு எவ்வளவு தூரம் நீளும் என்பதில்தான் தகராறு. 36 ரபேல் விமானங்களை வாங்கியதில் குறை காண முடியவில்லை என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பழைய பேச்சில் இருந்ததைவிட விலை 2.86 சதவீதம் குறைவு என்று 2019-ல் தணிக்கை அறிக்கை சொன்னது. ஆனால் அந்த அறிக்கையில் விலை எண்கள் மறைக்கப்பட்டிருந்தன. எவ்வளவில் 2.86 சதவீதம் குறைவு? படித்தவருக்குத் தெரியாது.

விமானத்தின் ராடார் எப்படி வேலை செய்கிறது என்பது ரகசியம். எத்தனை பேர் போட்டியிட்டார்கள், யார் ஏன் தோற்றார்கள், எந்த நிபந்தனை எப்போது மாறியது, மொத்தம் எவ்வளவு கொடுத்தோம் என்பதில் எதிரிக்கு என்ன லாபம்?

2020 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சியாச்சின் பனிமலையைப் பற்றிப் பேசியது. பனியின் ஒளி கண்ணைக் குருடாக்காமல் காக்கும் கண்ணாடிகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. பூட்சுகள் சுமார் ஓராண்டு வாங்கப்படவே இல்லை. இருந்த பூட்சுகளையே சரி செய்து மறுபடி மாட்டினார்கள். சாப்பாட்டிலும் குறை. இங்கே லஞ்சம் என்று யாரும் சொல்லவில்லை. வாங்க வேண்டியது நேரத்தில் வாங்கப்படவில்லை, அவ்வளவுதான். அந்த மலையில் அந்தக் கண்ணாடி இல்லாமல் நின்றவன் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை.

ராணுவத் தணிக்கை அறிக்கைகளை இன்டர்நெட்டில் வெளியிடுவதில்லை என்று வேண்டுமென்றே முடிவு செய்திருப்பதாக, அப்போது தலைமைத் தணிக்கையாளராக இருந்த ராஜீவ் மெஹ்ரிஷி அதே 2020-ல் சொன்னார். வெளிநாட்டில் யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர் சொன்ன காரணம். அறிக்கையின் அச்சுப் பிரதி பார்லிமெண்டு மேஜைக்கு வந்ததால் பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்தது. பனிக்கண்ணாடி சங்கதி ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான்.